ஒன்பதாவது போன்

மார்ச் 3, திங்கள்
நான்காம் மாடி வார்டில் வைஃபை மறுபடி படுத்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பார்ப்பவள் நான் ஒருத்திதான், திட்டும் எனக்குத்தான். அந்த மாடியில் ஐந்து வைஃபை பெட்டிகள். இரண்டு புதிது, மூன்று பத்து வருடப் பழசு. கம்ப்யூட்டர், எது புதிது எது பழசு என்று பார்க்காமல், தலையை எண்ணிப் போன்களைச் சமமாகப் பிரிக்கிறது. புதிதுக்கும் இருபது, கிழத்துக்கும் இருபது. கிழம் மூச்சு வாங்குகிறது.

அப்பா அதே வார்டில்தான், ஒரு கிழப் பெட்டிக்கு நேர் கீழே. 14-ஆம் தேதி கட்டியோடு சேர்த்துக் குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அதன்பின் பேச்சு கிடையாது.

மார்ச் 5
மேலாளரிடம் புதுப் பெட்டி கேட்டேன். “இருக்கறத வச்சு ஒப்பேத்தும்மா.” அவர் அறையில் ஒரு புதுப் பெட்டி, அவர் ஒருவருக்காக, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 8
சமமாகப் பிரிப்பதை நிறுத்திப் பார்த்தேன்; போன்களுக்குப் புத்தி சொல்ல முடியவில்லை. பக்கத்தில் புதுப் பெட்டி காலியாக இருந்தாலும், முதலில் பிடித்ததையே கட்டிக்கொண்டு அழுகின்றன. எங்கே ஒட்டுவது என்பது போனின் இஷ்டம். நான் யார்?

மார்ச் 11
கிழப் பெட்டிக்கு எட்டுப் போன்தான் என்று வரம்பு போட்டேன். ஒன்பதாவதைச் சேர்க்காது, அது வேறு வழியின்றிப் புதிதுக்குப் போகும். மாலைவரை ஒரு புகார்கூட இல்லை. அப்பா போனுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாமா என்று கை போனது. சொந்த அப்பா என்று சலுகை காட்டினால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். விட்டுவிட்டேன்.

மார்ச் 12
அண்ணன் கப்பலில் வேலை. அங்கே அவனுக்கு இன்டர்நெட் வியாழன் தோறும் நாலு மணிக்கு, ஒரே மணி நேரம். அப்பா இன்று வாயே திறக்கவில்லை. கேட்டால், “நாளைக்கு அவங்கிட்டப் பேச தொண்டைய மிச்சம் வச்சிருக்கேன்” என்றார்.

மார்ச் 13
என்ன பண்ணித் தொலச்சேன் நான்.

நாலு மணி, பார்வையாளர் நேரம். கிழப் பெட்டியில் எட்டும் நிரம்பிவிட்டது. அப்பாவின் போன் ஒன்பதாவது. புதுப் பெட்டியின் சிக்னல் அந்த மூலைக்கு எட்டவில்லை; எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவர் குறுக்கே. மொபைல் சிக்னலும் அங்கே கிடையாது. அம்மா போனை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறாள். நான் கீழே, திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறதென்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா இறங்கி ஓடி வந்தபோது நாலு ஐம்பத்தைந்து. வரம்பை எடுத்துவிட்டு மேலே ஓடுவதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது.

டாக்டரிடம் ஒரு வாரம் தள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். “கட்டி நமக்காகக் காத்திருக்குமாம்மா?”

“ரெக்கார்டாவது பண்ணி அனுப்பலாம்ப்பா” என்றேன் அப்பாவிடம்.

“அவன் பதில் பேசாம, நான் யார்கிட்டப் பேச?” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 14
கூட்டிப்போய்விட்டார்கள்.

மார்ச் 18
மேலாளர் தன் அறைப் பெட்டியைக் கழற்றி அப்பா கட்டிலுக்கு மேலே மாட்டச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டினேன்.

மார்ச் 20, வியாழன்
நாலு மணிக்கு அண்ணன் வீடியோ காலில் வந்தான். முகம் பளிச்சென்று தெரிந்தது. அப்பா சிலேட்டில் எழுதி எழுதிக் காட்டினார். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தவன், “ஒரு வார்த்தை பேசுங்கப்பா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்பா சிலேட்டை என்னிடம் நீட்டினார், அழித்துத் தரச் சைகை காட்டி.

இணைப்பு ஐம்பத்தெட்டு நிமிடம். ஒருமுறைகூட அறுபடவில்லை.