சந்திரரேகாவின் குரல்

பதிவு 1 | 12 மார்ச் 2091, காலை 8.10
நிலவுக் காப்பகம். மறைந்த திரை நட்சத்திரங்களின் உருவப் பிரதிகள் 41. குளிரூட்டி சீர். பணியில் நான் ஒருத்திதான்: செண்பகவல்லி. கதவு, காற்று, விளக்கு எல்லாம் என் குரலுக்குத்தான் கட்டுப்படும்.

நடிகை சந்திரரேகாவின் பிரதியை இயக்கிச் சோதித்தேன். வாயைத் திறந்தாள். வந்தது என் குரல். பத்தொன்பது வருடம் அவளுக்கு டப்பிங் பேசியவள் நான். டைட்டிலில் மருந்துக்குக்கூட என் பெயர் வந்ததில்லை.

பதிவு 2 | 15 மார்ச், மாலை 4.30
செத்த நடிகையின் உருவம் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. மகள் மானசி ஒரு பக்கம், தயாரிப்பாளர் ஒரு பக்கம். குரலாவது என்னுடையது என்று நானும் மனு அனுப்பினேன்.

சந்திரரேகா வடக்கிலிருந்து வந்தவள், தமிழ் தெரியாது. மகன் சாகும் காட்சியில் கேமரா முன்னால் வசனத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள். தியேட்டரே அழுதது என் குரலுக்கு. விருது அவளுக்கு. செத்தவள்மேல் பொறாமைப்படக் கூடாதுதான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பதிவு 3 | 19 மார்ச், காலை 9.05
மானசி தொடர்பில் வந்தாள்.

"ஆன்ட்டி, ஜனங்களுக்கு அது எங்கம்மா குரல்தான். அதை நீங்க எடுத்துக்கிட்டா அம்மா பாதியாயிடுவாங்க. விட்டுக் குடுத்துடுங்க."

முடியாது என்றேன். இத்தனை வருடம் பாதியாக இருந்தது யார் என்று அவள் கேட்கவில்லை.

பதிவு 4 | 24 மார்ச், காலை 10.50
தீர்ப்பு வந்துவிட்டது. முகம், நடை, குரல் மூன்றும் மகளுக்கே. பிரதியைத் தவிர வேறு யார் அந்தக் குரலில் பேசினாலும் இயந்திரங்கள் ஏற்கக் கூடாது. நண்பகல் முதல் அமல்.

அதற்குள் முடித்துவிடுவேன். பிரதி வெளியே, பிரதிகளைக் குளிரில் சேமிக்கும் நிழல் பள்ளத்தில் இருக்கிறது. போய் அவளிடமிருந்து என் குரலை அழிக்கப் போகிறேன். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மகள் என்ன செய்வாள், பார்ப்போம்.

பதிவு 5 | 24 மார்ச், பகல் 12.20
அழித்துவிட்டேன். மனம் நிறைந்தது. திரும்பி வந்து கதவைத் திறக்கச் சொன்னேன்.

"இது சந்திரரேகா அவர்களின் குரல். தங்களுக்கு அனுமதி இல்லை."

பூமிக்குப் பேச முயன்றேன். தொடர்புக் கருவியும் அதையேதான் சொன்னது. இதை விண்வெளி உடையின் விசைப்பலகையில் தட்டுகிறேன். இது பதிவேட்டுக்கு மட்டும்தான் போகும்.

பதிவு 6 | பகல் 1.45
காற்று இன்னும் பத்து நிமிடத்துக்குத்தான். மறுபடி பள்ளத்தில். கதவு இனி சந்திரரேகாவின் பிரதி சொன்னால்தான் திறக்கும். எனக்காக ஒரு வார்த்தை பேசு என்று அவளை இயக்கும் திரையில் தட்டினேன்.

என்னைப் பார்க்கிறாள். உதடு அசைகிறது. என் காதுக்கருவியில் சத்தம் இல்லை. அந்த அசைவு எனக்கு மனப்பாடம்.

ஒன்று. இரண்டு. மூன்று.