ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது

தூத்துக்குடி
12-5-2024

அன்புள்ள நல்லக்கண்ணு அண்ணாச்சிக்கு,

லிங்கராஜ் எழுதுவது. வீட்டில் எல்லாரும் நலம். நானும் துணி நனையாமல் கடைவரை நடக்கிற அளவுக்கு நலம். மதுரை ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து, ஒரே நாளில் புற்றுநோய்க்குப் புராஸ்டேட்டைப் பறிகொடுத்தவர்கள் நாம். போனில் பேசலாம்தான். ஆனால் என் போனை மருமகள் பார்க்கிறாள், உங்கள் போனை மகள் பேச்சிச்செல்வி பார்க்கிறாள். அதனால்தான் கடிதம்.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று இரண்டு வீட்டிலும் நம்புகிறார்கள். நம்பட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு பார்ப்பது நோய் திரும்புகிறதா என்று அறியத்தான் என்பது நம்மோடு இருக்கட்டும். கடிதத்தையும் யாராவது பிரிப்பார்கள். ஆகவே ரிசல்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் "ஆறு வறண்டு கிடக்கிறது" என்று எழுதுவோம். எண் ஏறினால் "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது". டிசம்பர் வெள்ளத்தில் என் வலைக்கடைக்குள் இடுப்பளவு நின்றதிலிருந்து தண்ணீர் என்றாலே எனக்கு ஆகவில்லை.

ஒரு சத்தியம். யாருக்குத் தண்ணீர் வந்தாலும் மற்றவர் உடனே வந்து மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஏறத் தொடங்கியதும் கதிர்வீச்சு கொடுத்தால் பிடித்துவிடலாம், தாமதித்தால் கைமீறிவிடும் என்று டாக்டர் சொன்னாரே.

என் ஆறு வறண்டு கிடக்கிறது. இந்தக் கடிதத்தை மச்சினன் வேல்ராஜ் உங்கள் கையில்தான் தருவான். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

அன்புடன்,
லிங்கராஜ்


ஸ்ரீவைகுண்டம்
20-5-2024

அன்புள்ள லிங்கராஜ் அண்ணாச்சிக்கு,

நீங்கள் என்னைவிட நான்கு வயது இளையவர். இருந்தாலும் கடைக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டே வாய் பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரி ஆறுமுகத்தாய் உங்களை விசாரித்தாள். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்ன வேடிக்கைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆனால் நல்ல வேலை பார்த்தீர்கள், விவசாயியைப் போய் ஆறு வறண்டதற்குச் சந்தோஷப்படச் சொல்லுகிறீர்கள். எழுதும்போதே கை கூசுகிறது. சரி, உங்களுக்காக எழுதுகிறேன்: ஆறு வறண்டு கிடக்கிறது. சத்தியத்துக்கும் சம்மதம். எனக்குத் தனியாக அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறத் தைரியம் கிடையாது, நீங்கள் பக்கத்தில் இருந்தால் ஏறிவிடுவேன்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நல்லக்கண்ணு


ஸ்ரீவைகுண்டம்
6-5-2025

அன்புள்ள லிங்கராஜ் அண்ணாச்சிக்கு,

நலம். ஒரு வருடமாக இரண்டு பேரும் வறட்சி வறட்சி என்றே எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய வெள்ளமில்லை, கரண்டைக்கால் அளவுதான். சீக்கிரம் கரையைக் கட்டினால் வயலைக் காப்பாற்றலாம் என்று சொல்லுகிறார்கள்.

பேச்சிச்செல்விக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் வீட்டில் எதையும் சொல்வதற்கில்லை. நீங்கள் ஒரு நடை வந்துபோனால் தேவலை. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நல்லக்கண்ணு


தூத்துக்குடி
19-5-2025

அன்புள்ள நல்லக்கண்ணு அண்ணாச்சிக்கு,

கடிதம் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்தது எவ்வளவு நல்ல செய்தி. இந்த வருடம் கார் நெல் சாகுபடி அமோகமாக இருக்கும் பாருங்கள். மகளுக்கும் நல்ல இடம் அமையட்டும்.

எனக்குத்தான் கடையை விட்டு அசைய முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது, படகுக்காரர்கள் எல்லாரும் வலைக்கும் கயிற்றுக்கும் வந்து நிற்கிறார்கள். ஜூன் கழியட்டும், சாவகாசமாக வருகிறேன். தங்கச்சி ஆறுமுகத்தாய் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
லிங்கராஜ்


ஸ்ரீவைகுண்டம்
28-12-2025

அன்புள்ள லிங்கராஜ் அண்ணாச்சிக்கு,

இனிமேல் மறைத்து எழுத ஒன்றுமில்லை. மே மாதம் பி.எஸ்.ஏ. 0.4 இருந்தது. இப்போது ஏழு. இடுப்பெலும்பில் இறங்கிவிட்டதாம். நடந்தால் வலிக்கிறது, அதனால்தான் வீட்டில் தெரிந்துபோனது. மாப்பிள்ளை சங்கரபாண்டியன்தான் காரில் கூட்டிப்போனார். அப்போதே வந்திருந்தால் ஒரு வழி இருந்தது என்றார் டாக்டர். இனி ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

நீங்கள் வருத்தப்படக் கூடாது. தப்பு என்மேல். விவசாயி தண்ணீர் என்று எழுதினால் யாரானாலும் தண்ணீர் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பதிலைப் பேச்சிச்செல்விதான் பிரித்துச் சத்தமாக வாசித்தாள். "யப்பா, நம்ம ஆத்துல எப்ப தண்ணி வந்துச்சி?" என்று கேட்டாள். கடைக்கார அண்ணாச்சிக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லி மழுப்பினேன். மறுபடி விளக்கி எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் மகிழ்ச்சி என்று எழுதியிருந்ததை வாசித்தபோது எனக்கும் ஒரு நிமிஷம் மகிழ்ச்சியாக இருந்தது. ஜூன் கழிந்து வருவீர்கள், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஜூனும் போயிற்று, அவள் கல்யாணமும் ஆகிவிட்டது.

உங்கள் ஆறு என்றும் வறண்டே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
நல்லக்கண்ணு


தூத்துக்குடி
5-1-2026

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கடிதத்தை வாசித்த நாள்முதல் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு உங்கள்மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் தப்பாக வாசிக்கவில்லை. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மறுநாளே உங்களைக் கூட்டிப்போகத்தான் பஸ் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் இறங்கி நின்றேன். ஆற்றுக்குள் வெறும் மணல், ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரரிடம் தண்ணீர் வந்ததா என்று ஒரு நப்பாசையில் கேட்டேன். "ஜூன்ல அணையத் தொறந்தாத்தான் அண்ணாச்சி" என்றார். பாலத்தைத் தாண்டினால் உங்கள் தெரு.

என் சட்டைப்பையில் அந்த மாத ரிசல்ட் இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை. ஒரே நாளில், ஒரே டாக்டர் கையால் அறுத்துக்கொண்டவர்கள் நாம். உங்களைப் பார்த்தால் அடுத்தது நான்தான் என்று ஆகிவிடும் போலப் பயந்தேன், அண்ணாச்சி. எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். பத்து நாள் யோசித்துத்தான் கார் சாகுபடி என்று எழுதினேன். உங்களை ஏமாற்றவேண்டும் என்று தெரிந்தே எழுதினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வருகிறேன். காலில் விழுகிறேன்.

லிங்கராஜ்


ஸ்ரீவைகுண்டம்
9-1-2026

திரு. லிங்கராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் முதலில் எழுதிய கடிதத்தை இன்று கிழித்துவிட்டேன்.

ஆறு இப்போது இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. இது நிஜத் தண்ணீர். செவ்வாய்க்கிழமை வந்தால் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, அன்றைக்குப் போலவே எதிரே வருகிற பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.

நல்லக்கண்ணு