பிரபுவுக்கு ஒரு கல்வெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

விட்பி நகரில் நான் சம்பளத்துக்குப் பராமரித்த ஸ்கொட்லாந்துப் பிரபு போன கிழமை காலமானார். பாராளுமன்றத்தில் முப்பது வருடம் இருந்தவர். அகதிகளைத் திருப்பியனுப்பும் சட்டத்தை எதிர்த்து மந்திரிப் பதவியை விட்டவர். செத்தவீட்டில் நான் மட்டும்தான். இறுதிச்சடங்கு மண்டபத்தில் வேலைசெய்யும் தமிழர், "தங்கச்சி, வேற ஆரும் வருவினமோ?" என்றார். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றேன். அவருடைய இரண்டு மகன்மாரும் வரவில்லை.

ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் முப்பத்தோராம் நாளுக்கு, பிள்ளைகளின் பெயர் சேர்த்து அச்சடிக்கும் கல்வெட்டுப் பாட்டு எழுதுகிறீர்கள். இவருக்கும் ஒன்று எழுதி அனுப்புங்கள். மகன்மாரின் பெயர் வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு நானும் வரவில்லை. அவவின் கல்வெட்டில் என் பெயரைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருந்தீர்கள்.

அவர்களின் பெயரையும் போடுங்கள். பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

பிரதீபா