கருகிய சட்டைக்கை

மார்ச் 3, செவ்வாய்

நூலகர் கடைக்கே வந்து ஆர்டரை உறுதி செய்துவிட்டார். நகர நூலகத்தின் புதிய கூடத்துக்கு ஐந்து பிரேம்கள். இந்த ஊர் வரலாற்றில் துணிந்து நின்ற ஐந்து பெண்கள். அவரவர் படமும், அவரவர் பயன்படுத்திய பொருளும் ஆழமான பெட்டி பிரேமுக்குள். கல்யாணப் போட்டோவுக்கும் பட்டச் சான்றிதழுக்கும் கண்ணாடி போட்டே இத்தனை காலம் தள்ளியாயிற்று. இனி என் கைவேலை ஒரு கூடத்துச் சுவரில்!

என் வீட்டுக்காரர் இவரிடம் சொன்னேன். கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த மனுஷர் நிமிராமலே, "அப்போ கடைசியா உனக்கும் ஒரு பிரேம் போட்டுடலாம்" என்றார். கொழுப்பு. ஆனால் மதியம் கடைக்கு வந்த ஒருவரையும் விடாமல் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவரும் அவரேதான்.

மார்ச் 5, வியாழன்

நான்கு பேரின் பொருள்கள் வந்துவிட்டன. காய்ச்சல் பரவியபோது முகாமை விட்டு நகராத டாக்டரின் ஸ்டெதஸ்கோப். தடையை மீறிப் பத்திரிகை அச்சடித்தவரின் ஈய எழுத்துகள். வெள்ளத்தில் படகு விட்டவரின் விளக்கு. பெண் பிள்ளைகளுக்கு முதல் பள்ளி நடத்தியவரின் கைமணி. துடைக்கும்போது மணி லேசாக அடித்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது. இதையெல்லாம் என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்!

மார்ச் 9, திங்கள்

ஐந்தாவது இன்றுதான் வந்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர் கொண்டுவந்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, தருவதா வேண்டாமா என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அவருடைய அம்மாதான் இந்த ஊரின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர். கடைவீதியில் வண்டி தீப்பிடித்ததும் பயணிகளை இறக்கிவிட்டு, எரிகிற வண்டியைத் தனியாக ஓட்டிப்போய் ஆற்று மணலில் நிறுத்தியவர். நடுவில் குதித்திருந்தால் வீதியே போயிருக்கும். பைக்குள் அன்று அவர் போட்டிருந்த சீருடைக் கோட்டும் பேட்ஜும் இருந்தன.

"செஞ்சதும் கூப்பிடுங்க, வந்து பார்க்கறேன். பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். நூலகர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பிடிக்காம போயிடுமா டீச்சர்? என் வேலையை நீங்க பார்த்ததில்லையே" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மார்ச் 14, சனி

ஐந்தும் முடிந்தன. ஓட்டுநரம்மாவின் பிரேம்தான் எல்லாவற்றிலும் அழகு. கோட்டின் வலது கை முழங்கை வரை கருகி, ஓட்டையும் விழுந்திருந்தது. அதைப் பின்பக்கமாக மடித்துவிட்டேன். மார்புப் பக்கம் ஒரு தீப்பொத்தல், அதன்மேல் பேட்ஜ். சுருக்கமெல்லாம் நீவியாயிற்று. எங்கள் தொழிலின் முதல் பாடம் இதுதானே — கறையா, கிழிசலா, படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டைக்கு அடியில் தள்ளு.

என் இடது முன்கையில் கண்ணாடி கிழித்த நீளத் தழும்பு இருக்கிறது. போட்டோவுக்கு நிற்கும்போது அந்தக் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். தொழில் புத்தி!

மார்ச் 16, திங்கள்

டீச்சர் வந்தார். பார்த்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"அழகா இருக்கு. ஆனா இது எங்கம்மா கோட்டு இல்லை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வலது கை எங்கே? டிப்போவில புதுக் கோட்டு கொடுத்தாங்க, அம்மா வாங்கலை. தைச்சாவது போட்டுக்கோன்னாங்க, அதுவும் கேட்கலை. ரிட்டையர் ஆகற வரைக்கும் இந்த ஓட்டையோடதான் வண்டி ஓட்டினாங்க. அதைப் போயா மறைச்சு வெச்சிருக்கீங்க?"

திறப்பு விழாவுக்குள் சரியாகவில்லை என்றால் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அப்புறம் சுவரில் நாலு பிரேம், ஐந்தாவதுக்கு வெறும் ஆணி.

மார்ச் 17, செவ்வாய்

எடுத்துக்கொண்டு போகட்டும். எனக்கென்ன!

மார்ச் 18, புதன்

எனக்கென்ன என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? சோறு இறங்கவில்லை. எரிச்சலில் இவரிடம், "நீங்களே சொல்லுங்க, அதுல என்ன குறை?" என்று பாய்ந்தேன்.

இவர் பிரேமைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எரியற வண்டியை ஓட்டினவங்க கோட்டு மாதிரி இல்லை. சலவைக் கடையிலிருந்து இப்பதான் வந்த மாதிரி இருக்கு" என்றார்.

பாவி மனுஷர். அதை நான் முடிப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த அம்மா ஊரறியப் போட்டுக்கொண்டு திரிந்ததை மறைக்க நான் யார்?

பின்பலகையைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

கருகின துணி தொட்டாலே உதிர்கிறது. அதற்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுத்து, முடி மாதிரி நூலால் தைத்துப் பிடித்தேன். மூச்சுவிடவே பயம். பேட்ஜைப் பொத்தலை விட்டுத் தள்ளிக் குத்தினேன். வலது கையை முன்னால் கொண்டுவந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல முழங்கையில் வளைத்தேன். பழைய பெட்டிக்குள் அது அடங்கவில்லை. இவர் முணுமுணுக்காமல் இன்னும் ஆழமாக ஒரு பெட்டி அடித்து, புதுக் கண்ணாடியும் அறுத்துக் கொடுத்தார். மனுஷர் தங்கம். இதை அவரிடம் சொல்ல மாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

டீச்சர் வந்தார். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை.

அவர் அந்தக் கருகின கைக்கு நேராகக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "இப்பதான் எங்கம்மா வண்டியில ஏறி உட்கார்ந்திருக்காங்க" என்றார். பிறகு அழுதார். நானும்தான்.

"எடுத்துட்டுப் போங்க, மாட்டுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

மார்ச் 22, ஞாயிறு

திறப்பு விழா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மற்ற பிரேம்களை நடந்துகொண்டே பார்த்தார்கள், கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். "இது ஏன் எரிஞ்சிருக்கு?" என்று ஒருத்தி கேட்டதுதான் தாமதம், டீச்சர் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். நான் பின்னால் நின்று மறுபடி முதலிலிருந்து கேட்டேன். பெருமை தாங்கவில்லை. அந்த அம்மாவை நினைத்துப் பெருமை. என்னை நினைத்தும்தான், பொய் சொல்வானேன்?

கடைசியில் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 4, சனி

நூலகர் விழாப் படத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். இவர் கடையில் மாட்ட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்று, நல்ல தேக்குச் சட்டமாகப் பொறுக்கி எடுத்தார். படத்தில் டீச்சர், நான், நடுவில் கோட்டு. என் இடது கை முன்னால் தொங்குகிறது, தழும்பு பளிச்சென்று தெரிகிறது. அங்கே நிற்கும்போது கை எங்கே இருந்தது என்ற நினைப்பே எனக்கு இல்லை.

இவர் மவுண்ட் அட்டையை அதன்மேல் வைத்து நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வழக்கம்போல இந்த ஓரத்தை உள்ளே தள்ளிடவா?"

"வேண்டாங்க" என்றேன். "முழுசா தெரியட்டும்."