ஒரே கோடு

யே. ம. சூ.

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
9-2-1958

அன்பு மிகுந்த அத்தானுக்குப் புஷ்பமேரி எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் மகள் அருள்மேரியும் இருமல் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். பம்பாயில் அந்த மாதுங்கா மெஸ்ஸில் அடுப்புக்குப் பக்கத்திலேயே படுக்கிறீர்களா, இல்லை காற்று வருகிற இடமாகக் கொடுத்துவிட்டார்களா என்று எழுதவும். புட்டிங்கும் ரோஸ்ட்டும் செய்த கை அண்டா அண்டாவாகச் சாம்பார் கிண்டுகிறது என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

கொல்லையில் போட்ட பீன்ஸ் எல்லாம் பனியில் கருகிவிட்டது. சீசனுக்குக் கொடுக்க ஏழு சுவட்டர் பின்னிவிட்டேன். அருள்மேரி நாலாம் வகுப்பில் கணக்கில் முதலாவது, வாயில் அதற்கும் முதலாவது.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஆறு மாதமாகச் சனிக்கிழமை மத்தியானங்களில் கோயில் ஹாலுக்கு இங்கிலீஷ் படிக்கப் போகிறேன். உங்கள் பம்பாய் விலாசத்தைக் கவரில் எழுத ஒவ்வொரு தடவையும் ஆள் தேடி அலைந்தது எனக்கு அவமானமாக இருந்தது. அதில் ஆரம்பித்ததுதான். சொல்லிக் கொடுப்பது பாப்பம்மாள் டீச்சர், வயது இருபத்திரண்டு. மற்ற நேரமெல்லாம் என்னை அக்கா என்பாள், தப்புச் செய்தால் மட்டும் புஷ்பமேரி எழுந்திரு என்பாள். முப்பத்து மூன்று வயதில் நானும் எழுந்து நிற்கிறேன். சிரிக்காதீர்கள்.

இப்போது அட்ஜெக்டிவ் நடக்கிறது. ஒரு ஆளோ பொருளோ எப்படிப்பட்டது என்று சொல்கிற சொல்லுக்கு அப்படிப் பேர். டீச்சர் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்து வைத்து வாக்கியம் எழுதிப் போடுவாள், நாங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். மோர் பிக்கர் என்றிருந்தால் மோர் அதிகப்படி. மோஸ்ட் பெஸ்ட் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. ரெட் பிக் பஸ் என்றால் பிக் முன்னால் வரவேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். அது அப்படித்தான்க்கா, பேசாம எழுதுங்க என்றுவிட்டாள்.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் பழைய சொல் தெரிய வேண்டும். மேலே சரியான சொல், பக்கத்தில் இனிஷியல். அதையும் தப்பு எழுதியவரே தன் கையால் செய்ய வேண்டும். அழிச்சிட்டீங்கன்னா தப்பே பண்ணலன்னு நாளைக்கு என்கிட்டயே சாதிப்பீங்க என்கிறாள். சரியான ஆள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட ஹாஸ்டலுக்குத் தலைமைச் சமையல்காரர் எடுக்கிறார்கள் என்றதும், உங்கள் மூன்று சர்ட்டிபிகேட்டையும் தபாலில் அனுப்பி, பஜாரில் டைப் அடிக்கிற ராமரிடம் கொடு, அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன் என்றீர்கள். அவருக்குத் தனியாக என்ன எழுத்து என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கொடுப்பதற்கு முன் என் படிப்பைச் சோதித்துப் பார்ப்போமே என்று வாசித்தேன். இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவது, நீங்கள் ஆறு வருடம் சமைத்துப் போட்ட வில்லிஸ் துரைசாணி 1954-ல் கொடுத்த நீலக் காகிதம். வாங்கி வந்த அன்று கண்ணில் ஒற்றிக்கொண்டு மாதா படத்துக்கு அடியில் வைத்தீர்களே, அதுதான்.

அதில் கஸ்பார் குட் குக், கிளீன், பங்ச்சுவல் என்று எழுதியிருக்கிறது. மூன்று அட்ஜெக்டிவும் சரி. பிறகு ஒரு பட். அதற்குப் பிறகு டிஸ்ஹானஸ்ட். டீச்சரிடம் காட்டி இரண்டு தடவை கேட்டுவிட்டேன். நேர்மையில்லாதவன், கை சுத்தமில்லாதவன் என்று அர்த்தம். மூன்று சீசனாக ஒவ்வொரு பங்களாவிலும் இதை வாசித்துவிட்டு, ஆள் அனுப்புகிறோம் போ என்று உங்களைத் திருப்பி அனுப்பியது இதனால்தானே? நீங்களும் வாசிக்கத் தெரியாமல் உங்கள் கையாலேயே இதை நீட்டிக்கொண்டு நின்றீர்களே! என் வயிறு எரிகிறது. ராமரிடம் இன்னும் கொடுக்கவில்லை. என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள்.

தங்கள் பணிவுள்ள மனைவி
புஷ்பமேரி

*

யே. ம. சூ.

மூஞ்சிக்கல்
9-3-1958

அத்தானுக்கு,

தவக்காலத்தில் கோபப்படக் கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்குக் கோபப்பட்டே தீருவேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். எனக்குத் தெரியும் புஷ்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருடமே ஒரு டிரைவர் வாசித்துச் சொல்லிவிட்டாராமே. கிழித்துப் போட்டால் ஆறு வருட வேலைக்குச் சாட்சியே இல்லாமல் போகும், அதனால் வைத்திருந்தேன், வாசிக்காமல் முதல் மூன்று சொல்லைப் பார்த்தே வேலை கொடுப்பவர் யாராவது கிடைக்க மாட்டார்களா என்று காத்திருந்தேன் என்கிறீர்கள். சரி. ஆனால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு எழுதியிருக்கிறீர்களே ஒரு பதில்! சொன்னால் நீயும் ஒரு நொடி யோசித்துப் பார்ப்பாயோ என்று பயமாம். நானா? உங்களையா? பதின்மூன்று வருடம் உங்களோடு குடித்தனம் செய்தவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை, யோசிக்கவும் மாட்டேன். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறீர்கள், நான் உங்களைச் சோம்பேறி என்று வேறு ஏசியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

பேத்துப்பாறைக் கந்தம்மாள் இன்னும் அந்தப் பங்களாவில்தானே ஆயா. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பிடித்துக்கொண்டேன். 54-ல் ஆறு வெள்ளிக் கரண்டி காணாமல் போனதும், எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டதும் எனக்கும் தெரிந்ததுதான். மீதியை அவள் சொன்னாள். அடி ஏத்தா, அந்தக் கரண்டிக மறு வருசமே கெடைச்சிருச்சே, பேரிஜம் ஏரிக்குச் சாப்பாடு கொண்டு போற கூடைக்கு அடியில துணிக்குள்ள கெடந்துச்சு, அம்மாவும் ஐயாவும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க என்றாள். சிரித்தார்களாம் அத்தான். கரண்டி கிடைத்துவிட்டது, சிரித்தார்கள், கழுவி உள்ளே வைத்தார்கள். கஸ்பார் என்று ஒருவன் இருந்தானே என்று ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

ராமருக்குத் தனியாக என்ன எழுதினீர்கள் என்றும் இப்போது தெரிந்துவிட்டது. அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு டைப் அடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவரும் கூசாமல், இதுல என்னம்மா இருக்கு, ஊரே இப்படித்தான் அடிக்குது, ஒரு வரி குறைஞ்சா யாருக்குத் தெரியப் போவுது என்கிறார். எனக்குத் தெரியுமே! இன்றைக்குவரை அந்தச் சொல் பொய். அந்த வரியை ஒளித்து வைத்துக் காகிதம் நீட்டினோமானால் அன்றைக்கு அது உண்மையாகிவிடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பெரிய இடத்து வம்பு வேண்டாம், துரைசாணியைப் போய்ப் பார்க்காதே என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். போகத்தான் போகிறேன். சீசனுக்கு வரட்டும். தப்பு எழுதியது யாரோ அவர்தான் திருத்த வேண்டும், அவர் கையால், என் கண்முன்னால். இத்தனை வருடத்தில் நீங்கள் சொல்லி நான் கேட்காதது இது ஒன்றுதான். இன்னும் இரண்டு மூன்று இருக்கலாம், ஆனால் இதைப்போல் இல்லை.

அருள்மேரிக்கு இருமல் குறைந்துவிட்டது. அப்பாவுக்கு முத்தம் என்று எழுதச் சொல்கிறாள்.

தங்கள் பணிவுள்ள மனைவி
(இந்த ஒரு விஷயத்தைத் தவிர)
புஷ்பமேரி

*

யே. ம. சூ.

மூஞ்சிக்கல்
4-5-1958

என் அன்பு அத்தானுக்கு,

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

துரைசாணி போன வாரம் வந்துவிட்டார் என்று கந்தம்மாள் சொல்லி அனுப்பினாள். வியாழக்கிழமை சாயங்காலம் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, நீலக் காகிதத்தையும் என் வகுப்பு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டைத் தாண்டியதுமே கந்தம்மாள் ஓடிவந்து, பின்வாசலுக்கு வா தாயி, முன்பக்கம் டீ குடிச்சிட்டு இருக்காங்க என்று கையைப் பிடித்து இழுத்தாள். சமையலுக்கு வந்திருந்தால் பின்வாசலுக்குப் போயிருப்பேன், நான் வந்த சோலி வேறு என்று சொல்லிவிட்டு முன்வராந்தாப் படியிலேயே ஏறினேன்.

துரைசாணிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், பிஸ்கட் கொடுத்தார். நான் பிஸ்கட்டைத் தொடாமல் காகிதத்தை நீட்டினேன். வீட்டில் பாடம் பண்ணி வைத்திருந்த இங்கிலீஷில், மேடம், நாலு அட்ஜெக்டிவ் இருக்கிறது, மூன்று சரி, ஒன்று தப்பு என்றேன். அவர் வாசித்தார். முகம் அப்படியே சிவந்துவிட்டது. கரண்டியா என்றார். எஸ் மேடம், பேரிஜம் கூடை என்றேன். கந்தம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நல்ல மனுஷிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஐயோ, மறந்தே போனேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். உடனே உள்ளே போய்ப் புதுக் காகிதம் எடுத்து வந்து மளமளவென்று எழுதினார். எக்ஸலண்ட், லாயல், ட்ரஸ்ட்வொர்தி என்று அட்ஜெக்டிவ் வந்து விழுகிறது. எழுதி முடித்துப் பழையதைக் கிழிக்கக் கையை நீட்டினார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

புதிது வேண்டாம் மேடம், இதிலேயே திருத்துங்கள் என்றேன். துரையும் எழுந்து வந்து, புதியதுதான் உன் புருஷனுக்கு நல்லது, இது அசிங்கமாக இருக்குமே என்றார். எனக்கு அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஐயா, மூணு சீசனா இந்தக் காகிதத்தை இந்த ஊரு பூரா வாசிச்சிருக்கு. புதுசைக் காட்டுனா எவனோ எழுதிக் கொடுத்ததும்பாங்க. எழுதுன காகிதத்துலயே எழுதுன கையால திருத்தணும், எது தப்பா இருந்துச்சுன்னு அடியில தெரியணும் என்றேன். கந்தம்மாள் அதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவருக்கு எடுத்துச் சொன்னாள். பாவம், அவளுக்கும் அங்கே வேலை இருக்கிறது, ஆனாலும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.

துரைசாணி என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி மேசைமேல் விரித்தார். பிறகு மையைச் சுரண்டி எடுக்கச் சின்னக் கத்தியை எடுத்தார். நோ மேடம் என்று என் நோட்டைத் திறந்து காட்டினேன். பக்கம் பக்கமாக என் தப்புகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரே கோடு, பக்கத்தில் பி.எம். என்று என் இனிஷியல். அதைப் புரட்டிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். டிஸ்ஹானஸ்ட் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே ஹானஸ்ட் என்று எழுதி, இனிஷியலும் தேதியும் போட்டார். பட் என்பதையும் அடித்து அண்ட் என்று மாற்றினார், அது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு நான் கேட்காமலே அடியில் ஒரு வரி சேர்த்தார். கரண்டிகள் 1955-ல் எங்கள் வீட்டிலேயே கிடைத்தன, ஐ வாஸ் ராங் என்று. கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார். அப்புறம்தான் நான் பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஹாஸ்டல் வார்டன் சூசைமாணிக்கம் சாரிடம் அந்த நீலக் காகிதத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். இந்தக் கரண்டிக் கதையை நானும் கேள்விப்பட்டேம்மா, கஸ்பார் பேரு வந்தா இந்தக் காயிதத்தைத்தான் கேக்கணும்னு இருந்தேன் என்றார். வெறும் டைப் அடித்ததைக் கொண்டு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பாராம். ஜூன் முதல் தேதி காலையில் அடுப்படியில் நிற்கச் சொல்லுங்கள், அதுவரை வேறு ஆளைப் போட மாட்டேன் என்றார். ராமரிடம் போய் இதைச் சொல்லி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இனி ஒன்று பாக்கி இருக்கிறது. போன கடிதத்தில் நான் ஒரு தப்பு எழுதியிருக்கிறேன். ஒரு நொடியும் யோசிக்கவில்லை என்று எழுதினேன். அது பொய். அந்தச் சொல்லுக்கு டீச்சர் அர்த்தம் சொல்லி வீட்டுக்கு வந்ததும், என் கை தானாகப் போய் உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தது. உள்ளே உங்கள் வெள்ளைத் தொப்பியும், கைப்பிடி உடைந்த மரக்கரண்டியும், அருள்மேரியின் ஞானஸ்நானச் சட்டையும் இருந்தன. பார்த்துவிட்டு என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். ஒரு நொடிதான் அத்தான். ஆனால் நீங்கள் பயந்த அந்த நொடி அதுதான். ஊரார் எழுதியதைத் திருத்தச் சொல்லி அவ்வளவு துணிச்சலாக வராந்தா ஏறிய எனக்கு, இதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது. அந்த வரியின் மேல் ஒரே கோடு போட்டுவிடுங்கள், அடியில் தெரியட்டும். பக்கத்தில் இனிஷியல் போட நான் அங்கே இல்லை. நீங்கள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்தால் என் கையாலேயே போடுகிறேன்.

வாருங்கள். ரயிலிலிருந்து இறங்கியதும் ஆள் நடமாட்டம் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பகல் பஸ்ஸில் ஏறுங்கள். பஜாரில் இறங்கி, கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க நடந்து வாருங்கள். நானும் மகளும் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நிற்போம். என்மேல் கோபம் இருந்தால் வந்து ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கடிதம் வேண்டாம், நீங்கள் வாருங்கள். மாதா உங்களைப் பத்திரமாக மலையேற்றி விடட்டும்.

~~பணிவுள்ள~~ பி.எம்.
உங்கள் மனைவி
புஷ்பமேரி