ஷாரோனுக்கு டிக்கெட் போடாதீர்கள்

ஏங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். சோறு ஹாட்பாக்ஸில், குழம்பு அடுப்பு மேல்.

நேற்று நீங்கள் கிளம்பிய பிறகு பார்படோஸிலிருந்து ஷாரோன் பேசினாள். ஆப்பிரிக்கப் பாலைவனத்து மண் கடல் தாண்டி வந்து தீவையே மூடியிருக்கிறதாம். மழைக்காலத்திலும் மழை இல்லை. கொடியில் போட்ட நர்ஸ் யூனிபார்ம் செம்மண் நிறமாகிவிட்டதாம். அவளுக்கும் இருமல். வார்டு முழுக்க மூச்சு வாங்கும் பிள்ளைகள்.

"அப்பா வூட்டுக்கு வா, வான்னு சொல்லிக்கினே கீறாரும்மா. நான் கெளம்பிட்டா இந்தப் பசங்கள யாரு பாப்பாங்க?" என்றாள்.

"இருடி, அந்த வேலைய முடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்குக் கோபம் வரும். நான் வந்ததும் சண்டை போடுங்கள். டிக்கெட் மட்டும் போடாதீர்கள். குன்றத்தூர் மாப்பிள்ளை வீட்டார் மதியம் வருவார்கள். காபி கொடுத்து, பெண் இப்போது வரமாட்டாள் என்று நீங்களே சொல்லுங்கள். காத்திருக்க முடியாதென்றால் போகட்டும்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

கலைமதி

பின்குறிப்பு: எனக்கு இன்று ஓவர்டைம். சாயந்திரம் ஷாரோன் கூப்பிடுவாள்; அங்கே அப்போது காலை, அவள் டியூட்டிக்குப் போகும் முன். கம்பெனியில் மெஷின் லைனில் நிற்கும்போது நான் போன் எடுக்க முடியாது, நீங்கள்தான் பேசவேண்டும். திட்டாதீர்கள். "சாப்டியாம்மா" என்று கேளுங்கள், போதும். இருமலுக்கு அழாதவள், போன தடவை நீங்கள் பேசாமல் போனை வைத்ததற்குத்தான் நேற்று என்னிடம் அழுதாள்.