கட்டைக்கால் கதிரை

என் அன்பு அம்மா,

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அண்ணாவோடு மூன்று நாள் பேசியிருக்கமாட்டீர்கள். உங்கள் தேக்குக் கதிரையை விற்கப் பார்த்தான்.

பிக்கரிங்கில் அவன் வாங்கிய புது வீட்டுக்குப் பழைய சாமான் வேண்டாமாம். பழைய டேனிஷ் தளபாடம் வாங்கும் வியாபாரி ஒருவரை நேற்று நீங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான். வந்தவர் கைப்பிடியைத் தடவியதுமே யார் வடிவமைத்தது என்று சொன்னார். உங்கள் டென்மார்க் அம்மாதான். ஆண்களே நிறைந்திருந்த பட்டறைகளில் தன் பெயரோடு கதிரை செய்த முதல் பெண்களில் ஒருவராம். பராமரிப்பு வேலைக்குப் போய் ஆறு வருடம் நீங்கள் குளிப்பாட்டி, தலை சீவி இழுத்துவிட்ட அதே கிழவி.

பிறகு குனிந்து பார்த்தார். முகம் மாறியது. நான்கு கால்களையும் யாரோ அறுத்துப் பாழாக்கிவிட்டார்கள் என்றார்.

"அம்மாதான் அறுத்திருப்பா," என்றான் அண்ணா. "எந்தக் கதிரையில இருந்தாலும் கால் நிலத்தில முட்டேல்லை எண்டு புறுபுறுக்கிறவ தானே. உந்தக் கதிரையைக் குப்பையில வைப்பம்."

'டென்மார்க் அம்மா எனக்கெண்டு கட்டையாக்கித் தந்தவ' என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? நாங்கள் சிரித்தோம். அந்த நிமிடம் நானும் உங்களை நம்பவில்லை, அம்மா. இதை வேறு யாரிடம் சொல்ல?

கதிரையைக் கவிழ்த்தேன். நிலம் கீறல்படாமல் கால்களின் அடியில் நீங்கள் ஒட்டிய பழைய செருப்பு ரப்பர். கத்தியால் ஒன்றைக் கிளப்பினேன். வெட்டிய மரத்தில் டென்மார்க் அம்மாவின் இரண்டெழுத்து அடையாளம், கத்தி நுனியால் கோணலாகக் கீறியிருந்தது. அடுத்த காலின் ரப்பரையும் கிளப்பினேன்; அதில் உங்கள் பெயர்.

வியாபாரி முழங்காலிட்டுப் பார்த்தார். இப்படி இன்னொன்று எங்கும் இருக்காது, என்ன விலை கேட்டாலும் தருகிறேன் என்றார்.

அண்ணாவின் குரல் உடனே இனித்தது. "பாத்தியே தங்கச்சி, அம்மா பொய் சொல்லேல்லை. வித்துப்போடுவம்."

உங்கள் சொல்லை மெய்யாக்கப் போய், நானே கதிரையை வாசல்வரை அனுப்பிவிட்டேனா?

அதை நிமிர்த்தி, ஏறி இருந்தேன். "இது விக்கிறதுக்கில்லை."

"உனக்கென்ன விசரே? எழும்பு."

"ஏலாது, அண்ணா."

வியாபாரி என் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் நிலத்தில் படிந்திருந்தன. அளவுநாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

அண்ணா இன்னும் என் அழைப்பை எடுக்கவில்லை. கிளப்பிய ரப்பர் இரண்டையும் நானும் இன்னும் திரும்ப ஒட்டவில்லை. கதிரை கொஞ்சம் ஆடுகிறது. அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன். யார் வந்து கேட்டாலும் எழும்பமாட்டேன், அம்மா.

உங்கள் உயரத்திலேயே நின்றுவிட்ட
உங்கள் மகள்